கேலரிக்கு மட்டும்தான் பூர்வீகம்: மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் பகையின் கதை

கொல்கத்தாவின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகளின் ரசிகர்கள் ஏன் இப்படி முட்டிக்கொள்கிறார்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். மோகன் பகான் மேற்கு வங்காளத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களின் கிளப். ஈஸ்ட் பெங்கால், நாட்டுப் பிரிவினையில் எல்லை தாண்டி வந்தவர்களின் கிளப். முதல் தரப்புக்குக் ‘கோட்டி’ என்று பெயர், இரண்டாம் தரப்புக்குப் ‘பாங்கால்’. அவர்களுக்கு இறால், இவர்களுக்கு இலிஷ் மீன். அவ்வளவுதான், கதை முடிந்தது என்பார்கள்.

இதில் பொய் இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களின் பட்டியலைக் கையில் எடுத்தால் கணக்கு உதைக்கிறது. மோகன் பகானின் பெருமைக்குரிய பின்கள வீரர் கோஷ்டோ பால். ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று பட்டம் வாங்கியவர். பத்மஸ்ரீ பெற்ற முதல் இந்தியக் கால்பந்து வீரர். கிளப் இருக்கும் சாலைக்கே அவர் பெயர்தான். அவர் பிறந்தது கிழக்கு வங்காளத்தின் ஃபரித்பூர் பகுதியில். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்ற சுனி கோஸ்வாமி, மோகன் பகானைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடியதே இல்லை. அவர் பிறந்ததும் கிழக்கே, கிஷோர்கஞ்சில்.

ஈஸ்ட் பெங்கால் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. அந்த ரசிகர்கள் இன்றும் கை கூப்பாத குறையாகப் பேசும் ‘பஞ்ச பாண்டவர்’ என்ற முன்கள வரிசை 1949 முதல் 1953 வரை ஆடியது. அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். ஊரை விட்டு ஓடி வந்த வங்காளி அகதி, தன் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பை வங்காளத்தைப் பார்த்தே வளராத ஐந்து பேரிடம் கொடுத்திருக்கிறான், மனசார.

ஆடுகிறவனின் சொந்த ஊர் என்ன என்று இந்தப் பகையில் யாரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கேலரியில் உட்கார்ந்திருப்பவனிடம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு கதையை முதலிலிருந்து பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை கொஞ்சம் தலைகீழாகிறது.

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15 அன்று வட கொல்கத்தாவில் தொடங்கியது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அதே போஸ். படித்த, வசதியான வீட்டுப் பையன்களின் கிளப்பாக இருந்ததை ஊர்ச் சொத்தாக மாற்றியது 1911 ஜூலை 29. வங்காளத்துக் கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ. நடத்தும் ஷீல்டின் இறுதிப் போட்டி, எதிரில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு. மோகன் பகானின் பதினொரு பேரில் சுதீர் சட்டர்ஜி ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார், மற்ற பத்துப் பேருக்கும் வெறுங்கால். வெள்ளைக்காரர்கள் முதலில் கோல் அடித்தார்கள். கேப்டன் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார், அபிலாஷ் கோஷ் வெற்றி கோலை அடித்தார். கூட்டத்தில் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாமல் நின்றவர்களுக்கு ஸ்கோரைப் பட்டம் விட்டுக் காட்டினார்கள். ஜூலை 29ஐ மோகன் பகான் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்த அணியில் ஆடியவர்களில் பலருக்கு வேர் கிழக்கு வங்காளம்தான். அன்று அது யாருக்கும் பொருட்டாகவே படவில்லை. எதிரில் நின்றது ராணுவம்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதைக்கும் மோகன் பகானுக்கும் நேரடித் தகராறு எதுவும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1920 ஜூலை 28, கூச் பிஹார் கோப்பை ஆட்டம். ஜோராபகான் என்ற கிளப் மோகன் பகானோடு மோத வேண்டும். சைலேஷ் போஸ் என்ற பின்கள வீரரை ஜோராபகான் நிர்வாகம் அணியிலிருந்து எடுத்துவிட்டது. சரியான காரணம் சொல்லவில்லை. அந்தக் கிளப்பின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி, கிழக்கு வங்காளத்து ஜமீன்தார். சைலேஷைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை, கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1ஆம் தேதி, தன்னைப் போலக் கிழக்கிலிருந்து வந்த நண்பர்களோடு புதுக் கிளப் தொடங்கிவிட்டார். நம் ஊர்க் கோவில் கமிட்டியில் சண்டை போட்டுவிட்டுத் தனிப் பந்தல் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. மோகன் பகான் அன்றைக்கு எதிரணி, அவ்வளவுதான்.

ஆனால் கிளப்புக்கு வைத்த பெயர் சும்மா வைத்ததல்ல. கிழக்கிலிருந்து படிக்கவும் குமாஸ்தா வேலைக்கும் வந்து மெஸ்களிலும் விடுதிகளிலும் தங்கியிருந்த இளைஞர்களை அந்தக் காலத்துக் கொல்கத்தா கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தது. பேச்சு வழக்கைக் கேலி செய்வார்கள், பட்டிக்காட்டான் என்பார்கள். அப்படிப்பட்டவனுக்குச் சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது.

முதல் உரசல் 1920களின் நடுவில் வந்தது. கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி. அந்த இரண்டு இடங்களிலும் மோகன் பகானும் ஆரியனும் ஏற்கெனவே இருந்தன. ஈஸ்ட் பெங்கால் மேலே வரத் தகுதி பெற்றபோது வெள்ளைக்காரக் கிளப்புகள் சம்மதித்தன, தடுக்கப் பார்த்தது நம் ஆட்கள்தான் என்று ஈஸ்ட் பெங்கால்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கடைசியில் விதி தளர்ந்தது. 1925 மே 28, லீக்கில் இரண்டும் முதல்முறையாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

அதற்குப் பிறகும்கூட இதுதான் நகரத்தின் பெரிய பகை என்று சொல்ல முடியாத நிலை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கை வென்றது மூன்றாவது கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங். அரசியலில் இந்து முஸ்லிம் விரிசல் பெரிதாகிக்கொண்டிருந்த காலத்தில், மைதானத்தின் சூடும் அங்கேதான் இருந்தது. பிரிவினையில் நகரத்தின் முஸ்லிம் மக்களில் கணிசமானோர் வெளியேற, அந்தப் பக்கத்தின் பலம் குறைந்தது. அதே நேரத்தில் கிழக்கிலிருந்து மக்கள் அலையலையாக வந்து இறங்கினார்கள்.

1947க்குப் பிறகு நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் சியால்தா ரயில் நிலையத்தின் பிளாட்பாரத்தில் கிடந்தார்கள். பிறகு நகரின் தெற்கு ஓரத்தில் காலியாகக் கிடந்த நிலங்களில் கீற்று, தகரம் போட்டுக் குடியேறினார்கள். போர்க்காலத்தில் ராணுவம் முகாம் போட்டுக் கைவிட்ட இடத்தில் விஜய்கர் காலனி முளைத்தது. ஆசாத்கர், நேதாஜி நகர் என்று வரிசையாக வந்தன. பட்டா கிடையாது, இரவில் குடிசை போடுவதும் பகலில் அடியாட்கள் வந்து பிரிப்பதுமாக ஓடிய வருடங்கள் அவை. நகரத்தின் பழைய குடிகளுக்கு இவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் போட்டிக்கு வந்த கூட்டம்.

அந்த அகதி விட்டுவிட்டு வந்த மாகாணத்தின் பெயர் கிழக்கு வங்காளம். 1955இல் அதைக் கிழக்குப் பாகிஸ்தான் என்று மாற்றினார்கள். 1971இல் பங்களாதேஷ் ஆனது. வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. லீக்கின் புள்ளிப் பட்டியலில் மட்டும் வாராவாரம் இருந்தது! சைலேஷ் போஸை ஆட விடாத கோபத்தில் 1920இல் வைத்த பெயர், முப்பது வருடம் கழித்து லட்சக்கணக்கான பேருக்கு ஊரின் பெயராக மிஞ்சியிருந்தது. பிரிவினை இந்தப் பகையை உண்டாக்கவில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். ஏற்கெனவே இருந்த ஒரு மைதானப் போட்டியை எடுத்து, அதற்குள் தன் கனத்தையெல்லாம் இறக்கி வைத்தது. தோற்றால் அது வெறும் இரண்டு புள்ளி இல்லை. ஜெயித்தால், ரேஷன் கடை வரிசையில் தன்னை முறைக்கிறவனை மறுநாள் நிமிர்ந்து பார்க்கலாம்.

மீன் கதை இங்கேதான் வருகிறது. பத்மா நதியின் இலிஷ், அதாவது நாம் ஹில்சா என்று கேள்விப்படும் மீன், பாங்கால் வீட்டுப் பெருமை. தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் பெரிய இறால் குழம்பு கோட்டி வீட்டுப் பெருமை. கோட்டி சமையலில் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை என்று இவர்கள் கிண்டல் செய்வார்கள். பாங்கால் வீட்டுக் கருவாட்டு நாற்றம் தெரு முனைக்கு வரும் என்று அவர்கள் திருப்புவார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்ற மாலை சந்தையில் இலிஷ் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும். வென்றவர்கள் மீனைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதும் உண்டு. உண்மையில் இரண்டு வீட்டிலும் இரண்டு மீனும் சமைக்கிறார்கள். இரண்டு கிளப்பும் மோதும் டெர்பி நாளில் மட்டும்தான் நாக்குக்குக் கட்சி.

பல ஆண்டுகள் ஆட்டங்கள் நடந்தது மைதான் என்ற பெரும் புல்வெளியில். அது ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் நிலம் என்பதால் கிளப்புகளின் அலுவலகத்துக்கு இன்றும் ‘டென்ட்’ என்றுதான் பெயர். இரண்டு கிளப்பின் டென்ட்டும் நடந்துபோகும் தூரம். அங்கே கேன்டீனில் ஸ்டூவும் டோஸ்ட்டும் பிரபலம். டிக்கெட் கிடைக்காதவர்கள் பக்கத்து மேட்டில் ஏறி நின்று, அட்டைப்பெட்டியில் கண்ணாடி பொருத்தி விற்ற பெரிஸ்கோப்பைத் தலைக்கு மேல் பிடித்து ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். அதுவும் முடியாதவர்களுக்கு அஜய் போஸின் வங்காள மொழி ரேடியோ வர்ணனை.

1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு முறை லீக் வென்றது. வேலையில்லாத் திண்டாட்டமும் நக்சல் காலத்து ரத்தமும் கலந்த நகரம் அது. இளைஞனுக்கு வேறெதிலும் ஜெயிப்பு இல்லை. 1975 செப்டம்பர் 30, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி. பி.கே. பானர்ஜி பயிற்சி கொடுத்த ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று மோகன் பகானைத் துவைத்தது. ஷியாம் தாபாவுக்கு இரண்டு கோல். சொந்த ரசிகர்களின் ஆத்திரத்துக்குப் பயந்து மோகன் பகான் வீரர்கள் சிலர் அன்றிரவு கங்கையில் படகில் ஒளிந்திருந்தார்கள் என்று சொல்வார்கள். தோல்வியைத் தாங்காமல் ஓர் இளம் ரசிகர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை ‘ரசிகனின் பக்தி’ என்று இன்றும் சிலர் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதில் சிலாகிக்க எதுவும் தெரியவில்லை.

1980 ஆகஸ்ட் 16 இன்னும் மோசம். ஈடன் கார்டன்ஸில் லீக் ஆட்டம். கேலரியில் இரண்டு தரப்பும் கலந்து உட்கார்ந்திருந்தது. மோகன் பகானின் பிதேஷ் போஸும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் களத்தில் மோதிக்கொள்ள, இருவருக்கும் ரெட் கார்டு. அந்தச் சூடு கேலரிக்குத் தாவியது. அடிதடி, ஓட்டம், நெரிசல். 16 பேர் செத்துப்போனார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஆகஸ்ட் 16 இப்போது கால்பந்து ரசிகர்கள் தினம்; ரத்ததான முகாம் நடக்கும். ரசிகன் வெறி பிடித்தவன் என்று பழியை அவன் தலையிலேயே கட்டிவிட்டுப் போவது சுலபம். பகை முற்றிய இரண்டு கூட்டத்தை ஒரே கேலரியில் உட்கார வைத்தது யார் என்ற கேள்வியை அப்புறம் யாரும் கேட்பதில்லை. இரு தரப்பையும் தனித்தனியாகப் பிரித்து உட்கார வைப்பது, வழி பிரிப்பது எல்லாம் இவ்வளவு நடந்த பிறகுதான் பழக்கத்துக்கு வந்தன.

சிரிக்கவும் விஷயம் இருந்தது. வீரர்கள் கிளப் மாறும் பருவத்தில் நடந்த ஆள் கடத்தல் தனி அத்தியாயம். எதிர் கிளப்புக்குக் கையெழுத்துப் போட இருப்பவனை இரவோடு இரவாகக் காரில் ஏற்றி யார் வீட்டிலாவது மறைத்து வைப்பது, கையெழுத்துப் போடும் நாளில் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு ஆள் படையோடு கூட்டி வருவது. ஈஸ்ட் பெங்கால் நிர்வாகத்தின் ஜீவன், பல்டு என்ற ஜோடி இதில் பெயர் போனது. கிருஷாணு டே, பிகாஷ் பாஞ்சி என்ற ஜோடி 1980களின் நடுவில் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனதை இன்றும் பழைய ஆட்கள் சொந்த வீட்டுத் திருட்டு மாதிரிப் பேசுவார்கள்.

எண்ணிக்கையில் உச்சம் 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,781 பேர். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ‘டைமண்ட்’ என்ற தாக்குதல் அமைப்பைக் கொண்டுவந்து எதிரிகளை வாரி வீழ்த்திக்கொண்டிருந்தார். வாய்த்துடுக்கும் அதிகம். ஆட்டத்துக்கு முன்னால் ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியாவைச் ‘சுங் சுங்’ என்றார், கென்யாவின் சாமி ஓமோலோவை ‘ஆம்லெட்’ என்றார். எதிரில் பி.கே. பானர்ஜி. அவர் பதில் பேசவில்லை, பேப்பரில் வந்ததைத் தன் பையன்களிடம் படித்துக் காட்டினாலே போதும் என்று இருந்திருப்பார். பூட்டியா ஹாட்ரிக் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4–1. சிக்கிம் பையன் அன்றைக்குப் பாங்கால் வீட்டுப் பிள்ளை.

அடுத்த வருடமே இன்னொரு கூத்து. விஜய் மல்லையாவின் யுனைடெட் புருவரீஸ் குழுமம் இரண்டு கிளப்பிலும் பங்கு வாங்கியது. ஒன்றின் பெயருக்கு முன்னால் கிங்ஃபிஷர், மற்றதன் முன்னால் மெக்டவல். முக்கால் நூற்றாண்டுப் பகையாளிகள் இருவருக்கும் ஒரே முதலாளி, பாட்டில் மட்டும் வேறு. கேலரியில் இதனால் ஒரு குறையும் தெரியவில்லை.

பணம் யார் போட்டாலும் சரி, பெயரிலும் சட்டை நிறத்திலும் கை வைக்கக் கூடாது என்பது ரசிகனின் கணக்கு. 2020இல் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல்லுக்குள் நுழைவதற்காக மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு, ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமத்தின் ஏ.டி.கே. அணியோடு இணைந்தது. பெயர் ‘ஏ.டி.கே. மோகன் பகான்’. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஏ.டி.கே. ஆறு வயது அணி, அதன் பெயர் எங்கள் பெயருக்கு முன்னால் வருவதா? பேனர், ஆர்ப்பாட்டம், ஆட்டத்துக்கே வராமல் புறக்கணிப்பு என்று மூன்று வருடம் ஓடியது. 2023 மார்ச் 18, கோவாவில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவில் கோயங்கா அந்த மூன்று எழுத்தை எடுப்பதாக அறிவித்தார். ஈஸ்ட் பெங்கால் பக்கம் கதை வேறு: முதலீட்டாளர் மாறிக்கொண்டே இருந்தார். ஸ்ரீ சிமென்ட் நிறுவனத்தோடு இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்ற தகராறில் 2021 ஜூலையில் டென்ட் வாசலில் ரசிகர்கள் கூடி, போலீஸ் தடியடி வரை போனது. இரண்டு கூட்டமும் கடந்த பத்தாண்டில் அதிகம் சண்டை போட்டது சொந்த நிர்வாகத்தோடுதான் என்று சொன்னால் தப்பில்லை.

அப்படியானால் கோட்டி, பாங்கால் என்ற பழைய அர்த்தம் கரைந்துவிட்டதா? பாதி கரைந்துவிட்டது. கலப்புத் திருமணம் சாதாரணம். மூன்றாம் தலைமுறைக்குத் தாத்தாவின் டாக்கா வழக்கு வாயில் வராது. ஆனால் அர்த்தம் எங்கேயும் போய்விடவில்லை. வேண்டும்போது எழுந்து வரும். மோகன் பகான் கேலரியிலிருந்து எரிச்சலில் வரும் வசவு இன்றும் ‘முள்வேலி தாண்டி வந்தவனே’ என்ற வகைதான். குடியுரிமைத் திருத்தச் சட்டமும் குடிமக்கள் பதிவேடும் நாடெங்கும் பேச்சாக இருந்த 2020 ஜனவரி 19 அன்று, டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கேலரியை மூடும் அளவுக்கு ஒரு பேனரை விரித்தார்கள். ‘ரத்தம் கொடுத்து வாங்கிய மண் இது, காகிதம் கொடுத்து அல்ல’ என்று எழுதியிருந்தது. ஆட்டத்தில் அவர்கள் 2–1 என்று தோற்றார்கள். ஸ்கோர் நினைவில்லாதவர்களுக்கும் பேனர் நினைவிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 18இல் இன்னொரு விதமாக எழுந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமைக்கு எதிராக நகரமே தெருவில் இருந்த நேரம். அன்று நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை டெர்பி, பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்ற காரணத்தில் ரத்தானது. ஆட்டம் இல்லாத ஸ்டேடியத்தின் வாசலில் இரண்டு கிளப் ரசிகர்களும் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள், முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டத்துக்கு இல்லாத போலீஸ் இதற்கு வந்தது, தடியடியும் நடந்தது. ஒரு கிளப் ரசிகரின் தோளில் மற்ற கிளப் ரசிகர் ஏறி நின்று கோஷம் போடும் படம் எல்லோர் கைபேசியிலும் சுற்றியது. பகை முடிந்தது என்று உடனே எழுதினார்கள். அது அவசரம். அக்டோபரில் மோகன் பகான் 2–0 என்று வென்றபோது வசவுகள் எல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தன. தகராறு என்று வந்தால் ஒன்றாக நிற்பதற்கும் இந்தக் கூட்டங்கள் பழகியிருப்பதே வருடக்கணக்காக எதிரும் புதிருமாக ஒரே இடத்தில் கூடியதால்தான். கூட்டம் சேர்க்க, பேனர் எழுத, போலீஸை எதிர்கொள்ள அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

களத்தில் ஆடுகிறவனின் ஊரை இன்றும் கேட்பதில்லை. 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஒரு டெர்பிகூட வெல்லாமல் தொடர்ந்து எட்டில் தோற்றுக் கிடந்தது. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் அந்தச் சாபத்தை உடைத்த ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். 2025 ஜனவரி டெர்பி, கங்காசாகர் மேளாவுக்குப் போலீஸ் போய்விட்டதால் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டது. அங்கே மோகன் பகானுக்கு வெற்றி கோல் அடித்தவர் ஆஸ்திரேலியர் ஜேமி மெக்லாரன். அதே வருடம் ஆகஸ்ட் 17இல் டூரண்ட் காலிறுதியில் இரண்டு கோல் போட்டு 2–1 என்று ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தவர் டிமிட்ரியோஸ் டியாமண்டகோஸ், கிரேக்கர்.